எங்கள் தெருவுக்கு வரும் மருந்துப்பை: காசிமேட்டிலிருந்து ஒரு மதிப்புரை

என் தாயாருக்கு 73 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக அவருடன் இருக்கின்றன. வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு குறுகிய தெருவில் நாங்கள் வசிக்கிறோம். இரண்டரை ஆண்டுகளாக அவருக்கு வேண்டிய மாத்திரைகள் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சேவை எங்கள் தெருவில் எவ்வாறு நடக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். எங்கள் பகுதிக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அங்கே குறைந்த ஆட்களைக்கொண்டு நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர்களின் பிழைப்புக்கு என் எழுத்து இடைஞ்சலாகிவிடக் கூடாது.

திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அளவு கூடியிருப்பவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகு மாதாமாதம் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான பைகளும் வீட்டுக்கே தரப்படுகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது ஒன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைக் கேட்டு மகிழ்ந்தேன் என்றாலும், நான் சொல்ல வந்தது விருதுக்குழுவின் கண்ணுக்கு எளிதில் படாத ஒன்று.

இந்த இரண்டரை ஆண்டுகளில் எங்கள் தெருவுக்கு இரண்டு தன்னார்வலர்கள் வந்திருக்கிறார்கள். இருவரிடமும் இருந்தது ஒரே வகைக் கருவி. இருவரும் கொடுத்தது அழுத்தத்துக்கு அதே ஆம்லோடிபின் 5 மி.கி., சர்க்கரைக்கு அதே மெட்ஃபார்மின் 500 மி.கி. முதலில் வந்தவர் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்கானவர். குறித்த தேதியில் வருவார், கையில் பட்டையைச் சுற்றுவார், எண்ணைக் கைப்பேசிச் செயலியில் பதிவார், “உப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்க, நடங்க” என்று மூன்று வாக்கியங்கள் சொல்வார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். என் தாயாரின் அழுத்தம் 168/96-இல் தொடங்கி, எட்டு மாதங்கள் கழித்தும் 160-ஐ விட்டு இறங்கவில்லை. மாத்திரை வந்துகொண்டுதான் இருந்தது; அவர் ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. வேறு பகுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு எங்கள் தெருவை அறிந்துகொள்ளும் நேரமும் தரப்படவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது.

இரண்டாவதாக வந்தவர் பக்கத்துத் தெருக்காரர். அவருடைய தாயார் நாற்பது ஆண்டுகளாக அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றவர். முதல் நாள் வந்தபோது அவர் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. என் தாயாரிடம், “ஆயா, நீங்க முன்னாடி இன்னா வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். தையல் வேலை என்று தெரிந்ததும், “கண்ணு தெரியுதா இன்னும், ஊசி கோப்பீங்களா?” என்றார். என் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. மாத்திரை அட்டையில் உள்ள எழுத்து அவருக்கு எறும்பு ஊர்ந்த தடம். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்ற குழப்பத்தில், தவறாகப் போட்டுவிடுவோமோ என்று பயந்து பாதி நாள் போடாமலே இருந்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவும் கூச்சப்பட்டிருக்கிறார். அந்தப் பெண் யோசனை சொல்ல, என் தாயாரே மிச்சத் துணியில் இரண்டு சுருக்குப்பைகள் தைத்துக்கொண்டார்: மஞ்சள் பை காலைக்கு, கறுப்புப் பை இரவுக்கு. ஒரு மாதத்தில் அந்தப் பைகளைக் கேட்டுத் தெருவில் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். இப்போது என் தாயாரின் அழுத்தம் பெரும்பாலும் 136/82-க்கு அருகில் நிற்கிறது. பையைக் கொடுத்தவர்களிடம் மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரிப்பதை அவர் தன் அலுவலாகவே எடுத்துக்கொண்டுவிட்டதால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குணத்தின் வேறுபாடு என்று சொல்லி முடித்துவிடலாம். அது முழு உண்மையாகாது. முதலாமவர் எங்களிடம் இல்லாதவற்றின் பட்டியலோடு வந்தார்: கட்டுப்பாடு இல்லை, படிப்பறிவு இல்லை, நடைப்பயிற்சி இல்லை. இரண்டாமவர் இருப்பது என்ன என்று கேட்டுத் தொடங்கினார். பொதுச் சுகாதாரத் துறையில் இதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. இஸ்ரேலில் பணியாற்றிய சமூகவியலாளர் ஆரோன் அன்டனோவ்ஸ்கி, நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டு வந்த பெண்களில் ஒரு பகுதியினர் அத்தனைக்குப் பிறகும் மனநலத்தோடு வாழ்வதைக் கண்டு, நோய் எதனால் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத் திருப்பிப்போட்டு, நலம் எதனால் நிலைக்கிறது என்று 1970-களில் கேட்கத் தொடங்கினார். 1986-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட நலமேம்பாட்டுச் சாசனம், செயல்பட வேண்டிய ஐந்து களங்களில் சமூகத்தின் கூட்டுச் செயலை வலுப்படுத்துவதையும் தனிமனிதரின் திறன்களை வளர்ப்பதையும் இரண்டாகச் சேர்த்துவைத்தது. எங்கள் தன்னார்வலர் இவற்றைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மீன் விற்பவரின் மகளுக்கு, வாடிக்கையாளரின் அடுப்படியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் விற்க முடியாது என்பது தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

நேரத்தை அவர் மாற்றியமைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மீன் வாங்கி விற்கும் பெண்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஏலத்துக்குப் போய்விடுகிறார்கள். காலை பத்து மணிக்கு வீடு தேடி வருபவருக்குப் பூட்டிய கதவுதான் பதில். அவர்களுக்கான பரிசோதனையை அவர் சனிக்கிழமை மாலைக்கு மாற்றி, ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டார். ஆண்கள் இதைவிடச் சிக்கலானவர்கள். விசைப்படகில் கடலுக்குப் போனால் பல நாட்கள் கழித்துத்தான் திரும்புவார்கள். திரும்பிய அன்று அவர்களிடம் ஊசியை நீட்டுவது நடக்காத காரியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களை அவர் தேர்ந்துகொண்டார். வருமானம் இல்லாத, மனம் சோர்ந்திருக்கிற காலம் என்பதால் அப்போதுதான் அழுத்தமும் ஏறும், குடியும் கூடும். நோயையும் கண்டுபிடிக்கலாம், ஆளும் கையில் கிடைப்பார். இந்த நாட்காட்டி எந்த அலுவலகத்தின் சுவரிலும் தொங்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆண்களைத் திண்ணைக்கு வரவழைக்க அவர் கண்ட மற்றொரு வழி கேரம் பலகை. வட சென்னையில் கேரம் பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணுபவர்கள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் செரியன் நகரைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்று திரும்பியதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் அவர். அந்த வெற்றிக்குப் பிறகு எங்கள் தெருச் சங்கத்தில் பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆட்டத்துக்குக் காத்திருப்பவர் கையை நீட்டிவிட்டு உட்கார வேண்டும் என்று சங்கத்து இளைஞர்களே விதி வைத்தார்கள். கருவியில் அளப்பதை அவர்களில் இருவர் கற்றுக்கொண்டார்கள். விளையாடி முடித்த பரபரப்பில் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே எடுக்க வேண்டும் என்று சுகாதார நிலையச் செவிலியர் ஒருமுறை வந்து திருத்திவிட்டுப் போனார். நல்ல காரியத்தைக்கூடத் தவறாகச் செய்ய முடியும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

உணவு விஷயத்தில்தான் இந்தச் சேவை என்னை மிகவும் வியக்கவைத்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் என் தாயாருக்கு முன்பு கொடுத்த உணவுத்தாளில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி எல்லாம் இருந்தன. கருவாடு என்ற சொல்லுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. கருவாடு விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் இருக்கும் தெருவில் அந்தத் தாளின் ஆயுள் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆகவே சிவப்புக் குறி போட்டவர் சொன்னது தவறன்று. சொன்னது யாரிடம் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

திண்ணையில் இந்தப் பேச்சு வந்தபோது தன்னார்வலர் கருவாடு விற்கும் பெண்களையே கேட்டார்: உப்பைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார்? எது உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்தது, எது உப்பு அதிகம் இல்லாமல் வெயிலில் மட்டும் காய்ந்தது என்று அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துக் கழுவினால் உப்பு நன்றாக இறங்கிவிடும், பிறகு குழம்பில் தனியாக உப்புப் போடவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். வாரம் நான்கு நாள் என்பதை ஒருநாள் ஆக்கலாம், மற்ற நாட்களில் பச்சை நெத்திலியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அந்த மீன்கள் விலை மலிவு, இதயத்துக்கும் நல்லவை. கேழ்வரகுக் கூழைப் பற்றியும் பேச்சு வந்தது. கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது அப்படியில்லை, கேழ்வரகும் மாவுச்சத்துதான், ஒரு சொம்பு குடிப்பதற்கும் ஒரு டம்ளர் குடிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று செவிலியர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அடுத்த வாரமும் வந்தார்கள், ஏனென்றால் அந்தச் சபையில் அவர்களும் பேசியிருந்தார்கள்.

எதிர் வீட்டில் லாஞ்சு என்னும் விசைப்படகை ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துவிட்டது. இயன்முறை மருத்துவர் மாதத்துக்கு இருமுறை வந்து, ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. “குழந்தைப் பையன் மாதிரி பந்து வெச்சுக்கினு உக்கார சொல்றாங்க” என்று அவருக்கு ஆற்றாமை. மூன்றாம் முறை வந்த மருத்துவர், சுவரில் மாட்டியிருந்த கிழிந்த வலையைப் பார்த்துவிட்டு, வலை பின்னும் ஊசியைப் பிடிக்க முடிகிறதா என்று கேட்டார். பிடிக்க முடியவில்லை. தடிமனான ஊசி ஒன்றைச் செய்து, பிடியில் துணி சுற்றிக்கொடுத்தார்கள். முதல் மாதத்தில் ஒரு கண்ணி போட அரை மணி நேரம் ஆயிற்று. கடந்த தடைக்காலத்தில் மருமகனின் வலையில் ஒரு கை அகலம் அவரே சீர்செய்தார். வேகம் இன்னும் வரவில்லை, சிறுவிரல் இன்னும் மடங்குவதில்லை. அந்த இளம் மருத்துவரின் பெயர் எனக்குத் தெரியும், எழுத அனுமதி கேட்கவில்லை என்பதால் விடுகிறேன். என் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அரைமணி நேரம் அவர் அந்தச் சுவரைப் பார்த்த அரைமணி நேரமே.

வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தியும் இல்லை. காசநோய்க்காரரைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் சேர்த்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெருக்கடியான வீடுகளில், போதிய ஊட்டமில்லாத குடும்பங்களில் இருந்துகொண்டே ஒழுங்காக மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள் என்று காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் பல தலைமுறைகள் முன்பு, 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னாலே போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இனிக் குறைகள். மருந்து இருப்பு முதலாவது. சென்ற ஆண்டு இரண்டு முறை பதினைந்து நாள் மாத்திரைதான் வந்தது. மீதியை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்களால் முடிந்தது. எல்லா வீட்டிலும் முடிந்திருக்காது, வாங்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரை பார்க்கும் பட்டைகள் தீர்ந்துபோய் ஒரு மாதம் முழுவதும் அளக்கவே இல்லை. பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது செயலியில் எண்ணிக்கை ஏறவில்லை என்று தன்னார்வலருக்குத் தொலைபேசி வரும். அவர் முகம் மாறிவிடும், அடுத்த நான்கு வீடுகள் பட்டையைச் சுற்றிக் கழற்றுவதோடு முடியும். திண்ணையில் நடந்த எந்தப் பேச்சுக்கும் அந்தச் செயலியில் கட்டம் இல்லை. கருவாட்டை ஊறவைத்ததை எந்தக் கட்டத்தில் பதிவது?

சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. இவ்வளவும் ஒரு பெண்ணின் தோளில் நிற்கிறது. அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. ஊதியம் என்று அதைச் சொல்ல முடியாது. தன் மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் அவர் வராதபோது திண்ணை வெறிச்சோடிவிட்டது. பைகள் தைத்த என் தாயாரும், கருவியைக் கையாளத் தெரிந்த இளைஞர்களும் இருந்தும், அழைக்கும் குரல் இல்லாமல் யாரும் கூடவில்லை. சமூகத்தின் பலம் என்று புகழ்ந்துகொண்டே அந்தப் பலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் பழக்கம் அரசுகளுக்கு உண்டு. புகழ்ச்சியைக் கேட்டு நாமும் விலையை மறந்துவிடுகிறோம். ஐஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்து இளைஞர்களைத் திண்ணை இன்னும் உள்ளே அழைக்கவில்லை. அவர்கள் வாடகை கொடுப்பது எங்கள் தெருவில்தான், அவர்களுக்கும் இரத்தம்தான் ஓடுகிறது. தெரு தன் பெருமையைப் பேசும்போது தன் கதவு யாருக்குச் சாத்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே பெருமையின் இன்னொரு பக்கம் மாவா என்னும் புகையிலை கலந்த பாக்கு. சங்கத்து வாசலிலேயே அது கைமாறுகிறது, கேரம் ஆடுபவர்களே மெல்லுகிறார்கள், இதைப் பற்றி வாய்திறக்கத் தன்னார்வலருக்கும் தயக்கம். எனக்கும் தயக்கம்தான்.

ஒட்டாவா சாசனத்தின் ஐந்து களங்களில் இரண்டை முன்பே சொன்னேன். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது நலத்தை மதிக்கும் அரசுக் கொள்கை, அடுத்தது நலத்துக்கு உகந்த சூழல். இவை இரண்டும் எங்கள் திண்ணைக்கு எட்டாதவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் போய் வாளியாலும் கையாலும் அதை அள்ளினார்கள். அதைச் சமூகத்தின் உறுதி என்று மெச்சியவர்கள் உண்டு. எண்ணெய் அள்ளும் வேலை அவர்களுடையதாக ஆனது எப்படி என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. தொழிற்சாலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று வீசும் இரவுகளில் என் தாயார் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். அந்தக் காற்றை வடிகட்ட எந்தச் சுருக்குப்பையும் தைக்க முடியாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: மருந்து வழங்கலுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், இருப்பு ஒழுங்கானால் நான்கு. எங்கள் தெருவின் தன்னார்வலருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் ஐந்துக்கு ஐந்து. செயலிக்கு மதிப்பெண் போட விருப்பமில்லை. இதற்கு முன் ஒரு தனியார் ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை என்று ஒரு பெரிய தொகை கொடுத்திருக்கிறேன். பளபளக்கும் தாளில் பதினான்கு பக்க அறிக்கை வந்தது. என் தாயாருக்கு எழுத்துத் தெரியாது என்பதை அந்தப் பதினான்கு பக்கங்களில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

வட சென்னையில் இந்தச் சேவையை இன்னும் பெறாதவர்கள் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பழைய மருந்துச் சீட்டுகளோடு போய்க் கேட்கலாம். 104 என்ற எண்ணில் அழைத்தாலும் விவரம் சொல்வார்கள். வீட்டுக்கு வருபவரிடம் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பாமல், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார், யாருக்குப் படிக்கத் தெரியாது, யார் எந்த நேரத்தில் உறங்குகிறார் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். எங்கள் திண்ணையைப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் வந்தால் மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.